நீச்சல் குளத்துக் குளோரின் களவு போகவில்லை: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நம் வளாகத்து நீச்சல் குளத்தில் எவ்வளவு மருந்து போட்டாலும் மறுநாள் காலையில் குளோரின் இருப்பதில்லை என்றும், பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் சென்ற ஆண்டைவிட இரு மடங்கு வேகத்தில் தீர்கின்றன என்றும் கூறி, குளத்தைப் பராமரிக்கும் ஊழியரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். அறிவிப்பில் ‘திருட்டு’ என்ற சொல் இல்லை. ஆனால் படித்தவர் அனைவரும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், அந்தக் குளத்தில் வாரம் நான்கு நாள் நீந்துகிறவன் என்ற இரு முறைகளிலும் நான் சொல்ல வேண்டியது ஒன்றே: குளோரினைக் கொண்டுபோனது ஆள் அல்ல, தண்ணீர்.

உங்கள் சந்தேகத்தின் வேர் இரண்டு எண்களில் இருக்கிறது. ஊழியரின் பதிவேட்டில் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) குளோரின். அதே காலையில் குழு உறுப்பினர் அளந்தபோது 0.3. ஒருவர் பொய் எழுதியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இருவரும் எந்த மருந்தைக் கொண்டு அளந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஊழியரிடம் இருப்பது பழைய மஞ்சள் சொட்டு மருந்து; அது நீரிலுள்ள மொத்தக் குளோரினையும் காட்டும். குழு உறுப்பினர் பயன்படுத்தியது இளஞ்சிவப்பு நிறம் தரும் டிபிடி என்னும் சோதனை மருந்தின் 1-ஆம் எண் மாத்திரை. அது கிருமியைக் கொல்லும் வலுவோடு தனித்து நிற்கும் குளோரினை மட்டுமே காட்டும். ஆகவே இரண்டும் மெய். இடையிலுள்ள 1.7 பிபிஎம், அம்மோனியாவோடு பிணைந்து குளோரமீன் ஆகிவிட்ட குளோரின். கண் எரிச்சலையும் மூக்கைத் துளைக்கும் வாடையையும் தருவது அதுதான். ‘குளோரின் அதிகம்’ என்று தாய்மார்கள் புகார் சொன்ன அதே வாரத்தில் ‘குளோரினே இல்லை’ என்று நீங்கள் அறிவித்த விந்தைக்கும் இதுவே விளக்கம்.

அம்மோனியா எங்கிருந்து வருகிறது? நீந்துவோரின் வியர்வையிலிருந்தும், சொல்லக் கூசினாலும், சிறுநீரிலிருந்தும் கொஞ்சம் வருவது எல்லாக் குளத்திற்கும் பொதுவானது. நமக்கு மட்டும் உரிய வழி ஒன்று உண்டு என்று கருதுகிறேன். குளத்தின் வடக்கு விளிம்பை ஒட்டிச் செல்லும் மழைநீர்க் கால்வாய், மேலே இருக்கும் தேயிலைச் சரிவிலிருந்து இறங்குகிறது. கோடை மழை விழுந்ததும் அங்கே யூரியா வைப்பது வழக்கம். அடுத்த மழையில் கால்வாய் ததும்பிக் குளத்திற்குள் வழிவதை ஏப்ரலிலும் மே மாதத்திலும் நானே பார்த்தேன். யூரியா சிதைந்தால் அம்மோனியா. அதோடு கற்பூர மர இலையும் சில்வர் ஓக் சருகும் சேர்ந்து விழுகின்றன. அவை ஊறி அழுகுவதும் குளோரினைத் தின்னும்.

‘குளிர்ந்த ஊரில் குளோரின் எப்படிப் போகும்?’ என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் திறந்த குளத்தில் குளோரினை முதன்மையாக அழிப்பது வெப்பமன்று, புற ஊதாக் கதிர். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு என அந்தக் கதிர் கூடுவதால், தெளிந்த நாளில் சமவெளியைவிட இங்கே அது கடுமை. வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலம் சேர்க்காத நம் நீரில், உச்சி வெயில் ஒரு மணி நேரத்திற்குள் பாதிக் குளோரினை அழித்துவிடும். இருந்தாலும் வெயிலை மட்டும் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. பத்து நாள் மேகமும் பனிமூட்டமும் மூடியிருந்தபோதும் இழப்பு நிற்கவில்லை.

மூட்டைக் கணக்கைப் பொறுத்தவரை, பதில் கிடங்கில் கிடக்கிறது. புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரின் கிடைக்கும். ஈரம் பட்டால் நாளாக நாளாக அந்த வலு இறங்கும். விலை குறைவு என்று ஆறு மாதச் சரக்கை மொத்தமாக வாங்கி, கூரை ஒழுகும் அறையில் வாய் திறந்த மூட்டைகளாக அடுக்கியது சங்கத்தின் முடிவு. அறை ஒழுகுவதை ஊழியர் பதிவேட்டில் இரண்டு முறை எழுதியிருக்கிறார். வலு பாதியானால் அளவு இரு மடங்காகத்தானே வேண்டும்?

இனிச் செய்ய வேண்டியது, தினமும் இரண்டு கரண்டி கூட்டிப் போடுவதன்று. புதிய அம்மோனியா வந்துகொண்டிருக்கும்போது அரைகுறை அளவு மேலும் குளோரமீனைத்தான் உண்டாக்கும். முதலில் கால்வாயைத் திருப்ப வேண்டும். பிறகு, பிணைந்த குளோரினைப் போலப் பத்து மடங்கை ஒரே முறையில், வெயில் சாய்ந்த பின் கொடுக்க வேண்டும். நம் குளம் ஒன்றரை லட்சம் லிட்டர். 17 பிபிஎம் என்றால் இரண்டரைக் கிலோ குளோரின், அதாவது பிளீச்சிங் பவுடரைவிட வலுக் கூடிய 65 விழுக்காட்டுக் கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் ஏறக்குறைய நான்கு கிலோ. தனிக் குளோரின் 3 பிபிஎம்முக்குக் கீழே வரும்வரை குளத்தைப் பூட்டி வைக்க வேண்டும். அந்த வேளையில் டிபிடி மாத்திரை போட்டவுடன் சிவந்து உடனே வெளுத்துப்போனால், குளோரின் இல்லை என்று எண்ணி இன்னொரு ஊழியரைப் பிடிக்காதீர்கள். அளவு மிகுந்தாலும் நிறம் அழியும். குளத்து நீர் ஒரு பங்கோடு குளோரின் கலவாத நீர் ஒன்பது பங்கு சேர்த்து அளந்து, பத்தால் பெருக்கிக்கொள்ளலாம். சயனூரிக் அமிலம் 30 பிபிஎம் சேர்ப்பது இதற்கெல்லாம் பின்னரே.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. வரும் சனிக்கிழமை இருட்டிய பின், உங்கள் உறுப்பினர் ஒருவர் புதிதாக வாங்கிய மூட்டையிலிருந்து தம் கையாலேயே மருந்து போடட்டும். பம்பு ஒரு மணி நேரம் ஓடியதும் ஒரு முறை, ஞாயிறு விடியுமுன் ஒரு முறை, தனிக் குளோரினையும் மொத்தக் குளோரினையும் அளப்போம். இரவில் யாரும் இறங்காத குளத்தில் ஒரு பிபிஎம்முக்கு மேல் தனிக் குளோரின் குறைந்திருந்தால், திங்கட்கிழமை அந்த அறிவிப்பை எடுத்துவிட்டு, ஒட்டிய அதே பலகையில் அவருக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டுகிறேன். பூட்டுச் சாவியும் அன்றிரவு உங்களிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
குடியிருப்புவாசி ஒருவர்,
கோத்தகிரி