குட்டியைக் கண்டவர்கள் மின்வேலியையும் காணட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆவணப்படங்கள் பார்வையாளர்களிடம் உண்டாக்கும் தாக்கம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அத்தகைய தாக்கத்தைக் கண்ணெதிரே காணும் கூடலூர்க்காரன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதுமலை தெப்பக்காடு முகாமில் தாயற்ற யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றி கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கிய ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ 2023 மார்ச் மாதம் ஆஸ்கர் விருது பெற்றது. சுமார் 40 நிமிடமே ஓடும் அந்தப் படம் நெஞ்சில் தங்குவதற்குக் காரணம், ரகு என்ற குட்டியைக் குளிப்பாட்டுவதையும் ஊட்டுவதையும், வளர்ந்த ரகுவை வேறொரு பாகனிடம் ஒப்படைக்க நேரும்போது இருவரும் தவிப்பதையும், வெளியாள் ஒருவரின் விளக்கக் குரல் இல்லாமல் அவர்களுடைய சொற்களிலேயே நம்மைக் கேட்க வைப்பதுதான். அவ்விருவரும் சார்ந்த காட்டுநாயக்கர் பழங்குடி மக்களின் கைப்பக்குவம் வெளியுலகின் கண்ணில் பட்டது அதன் பிறகே. முகாம் பணியாளர்களுக்கு அரசு தலா ஒரு லட்சம் ரூபாய் வழங்கியதும், பெள்ளியைப் பராமரிப்பாளராகப் பணியமர்த்தியதும் அதன் பிறகே நடந்தன.

இன்றும் மாலை வேளையில் பாகன்களும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளும் ராகி, கொள்ளு, வெல்லம் சேர்த்துப் பிசைந்த கவளத்தை யானைகளின் வாயில் வைக்கும்போது, தடுப்புக்கு இப்பால் நிற்கும் பிள்ளைகள் “ரகு எது?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்த அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ரகுவின் தாய் மின்சாரம் தாக்கி இறந்ததை அதே படம் சொல்கிறது. அதைப் பற்றிக் கேட்பவர் மிக அரிது. படத்தைப் பார்த்து யானைமீது பாசம் கொண்டு மலையேறி வருபவர்களிலேயே சிலர், மசினகுடி சாலையில் காட்டு யானையைக் கண்டதும் வண்டியை நிறுத்திப் படமெடுக்க இறங்குவதைப் பார்க்கும்போது மனம் மிகவும் வேதனைப்படுகிறது.

யானைகளிடமிருந்து பயிரைக் காக்க அமைக்கும் சூரிய மின்வேலி, விட்டுவிட்டுக் கண நேரமே பாயும் அதிர்ச்சியால் யானையை விரட்டுமே தவிரக் கொல்லாது. மின்கம்பியிலிருந்து நேரடியாக இழுத்த வேலியிலோ மின்சாரம் இடைவிடாது பாய்வதால், தொட்ட யானை அங்கேயே விழுகிறது. மின்வேலிகளுக்கு அனுமதியும் பதிவும் வேண்டும் என்று தமிழக அரசு 2023இல் விதிகளே கொண்டுவந்துவிட்டது. எனினும் இந்த வேறுபாடு, குட்டிக்காகக் கண்ணீர் விட்ட பார்வையாளர்களில் எத்தனை பேரைச் சென்றடைந்திருக்கும்?

ஒரு நல்ல ஆவணப்படத்தைப் பார்த்து நெகிழ்ந்த மனம், காரணத்தைக் கேட்கவும் ஆயத்தமாகவே இருக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை. ஆகவே, தெப்பக்காட்டில் சுற்றுலாப் பயணிகள் வனச் சுற்றுலா வண்டிக்காகக் காத்திருக்கும் இடத்தில், குட்டிகள் ஏன் தாயை இழக்கின்றன என்பதைப் பாகன்களின் வாய்மொழியிலேயே சொல்லும் சிறு ஆவணப்படம் ஒன்றைத் தமிழில் தயாரித்துத் திரையிடவும், அதை யானை நடமாட்டமுள்ள ஊர்களின் பள்ளிகளிலும் விவசாயிகள் கூட்டங்களிலும் காட்டவும் வனத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.