எண்களோடு அந்தப் பிஆர்ஜே கோப்பையும் அனுப்புங்கள்

நிலப்படத் தரவுகளைப் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடுபவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் ஏற்றும் கோப்புகளை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் போட்டு வேலை பார்ப்பவன் நான். தரவை இலவசமாகத் தருகிறீர்கள், அதற்கு நன்றி. கூடவே ஒரு முறையீடும் இருக்கிறது.

அண்மையில் கிணறுகளின் இடங்கள் அடங்கிய ஒரு ஜிப் கோப்பை இறக்கினேன். அது ஷேப்ஃபைல், பல கோப்புகள் சேர்ந்தே ஒரு நிலப்படத் தரவாகும் வடிவம். பிரித்தால் எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் மூன்றும் இருந்தன, பிஆர்ஜே இல்லை. அது இல்லாமலும் ஷேப்ஃபைல் திறக்கும் என்பதால் அனுப்பியவர் கவனித்திருக்க மாட்டார். ஆனால் எண்கள் எந்த ப்ரொஜெக்‌ஷனில் இருக்கின்றன, அதாவது உருண்டைப் பூமியை எந்த முறையில் தட்டையாக்கி எண்ணாக எழுதியிருக்கிறார்கள், என்று சொல்வது அந்த நாலாவது கோப்புதான். லேயரின் (மென்பொருளில் ஏற்றிய தரவு அடுக்கின்) எல்லை மதிப்புகளைப் பார்த்தேன்: கிழக்கே 4 லட்சத்துச் சொச்சம், வடக்கே 14 லட்சத்துச் சொச்சம். மீட்டர் கணக்கு, யூடிஎம் என்ற ப்ரொஜெக்‌ஷனாக இருக்கலாம். சரி, எந்த மண்டலம்? யூடிஎம் உலகத்தை 6 டிகிரி அகலத்தில் 60 மண்டலங்களாக வெட்டுகிறது. ஒவ்வொன்றின் நடுக்கோட்டுக்கும் கிழக்கு மதிப்பு 5,00,000 மீட்டர்தான். ஆகவே என் கையில் இருந்த எண் ஜோடிக்கு 60 இடங்கள். வடகோளமா தென்கோளமா என்றும் சொல்லாவிட்டால் அதுவும் இரட்டிப்பு.

ஊர்ப் பெயர்களை வைத்து மண்டலத்தைப் பிடித்தேன். அப்புறமும் எல்லாக் கிணறுகளும் ஒரே பக்கமாக நகர்ந்து, சில நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தன. சொல்ல வெட்கம்தான், லேயரைக் கையால் இழுத்துப் பொருத்தினேன். தரவு பழைய டேட்டத்தில், அதாவது பூமியின் வடிவத்துக்கும் இருப்புக்கும் வைத்திருந்த பழைய அடிப்படைக் கணக்கில், அளந்தது என்பது பிறகுதான் பிடிபட்டது. சரியான டேட்டத்தைக் கொடுத்ததும், நான் இழுத்ததும் சேர்ந்து கிணறுகள் சாலையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டன. கண்டம் விட்டுக் கண்டம் தாவும் பிழையைப் பார்த்தவுடனே பிடித்துவிடலாம். நூறு மீட்டர் தள்ளி நிற்பது சரியாக இருப்பது போலவே தெரியும்.

உங்களில் சிலர் செய்யும் இன்னொரு காரியமும் உண்டு. தரவை இபிஎஸ்ஜி 4326-இல் (இபிஎஸ்ஜி எண் என்பது ஒவ்வோர் ஆயமுறைக்கும் உள்ள குறியீடு, 4326 டிகிரிக் கணக்கு) தர வேண்டும் என்று, லேயரின் சிஆர்எஸ்ஸை, அதாவது அதன் ஆயமுறைக் குறிப்பை, மட்டும் 4326 என்று மாற்றிவிடுகிறீர்கள். பெட்டியின் மேல் சீட்டை மாற்றி ஒட்டுவது போலத்தான், உள்ளே எண்கள் அப்படியே இருக்கும். எண்களை மாற்ற ‘ரீப்ரொஜெக்ட்’ செய்து புதிய கோப்பாகச் சேமிக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் இன்னும் வேடிக்கை: டிகிரி எண்களுக்கு, இணைய நிலப்படங்களின் மீட்டர் முறையான 3857 என்று சீட்டு ஒட்டினால் அவை மீட்டராகிவிடும். மொத்த உலகமும் 360 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலத்தில், பூஜ்ய டிகிரிக் கோடுகள் சந்திக்கும் கினி வளைகுடாக் கடலுக்குள் மிதக்கும். ஏதாவது லேயர் காணாமல் போனால் நான் முதலில் தேடும் இடமே அதுதான்.

கேட்பது பெரிதல்ல. ஜிப்பில் பிஆர்ஜே இருக்கட்டும். சிஎஸ்வி என்ற வெறும் அட்டவணைக் கோப்பு என்றால் இபிஎஸ்ஜி எண்ணை ஒரு வரியில் எழுதுங்கள். ‘டபிள்யூஜிஎஸ் 84’ என்று மட்டும் எழுதினால் டேட்டம் தெரியும், மண்டலம் தெரியாது. ஜியோஜேசன் என்ற நிலப்படக் கோப்பு வடிவம் என்றால் 2016-இல் வந்த விதிப்படி டபிள்யூஜிஎஸ் 84 டிகிரிதான், தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து, மாற்றிப் போடாதீர்கள்.

பழைய கோப்புகளின் ப்ரொஜெக்‌ஷன் உங்களுக்கே தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே எழுதிவிடுங்கள். ஊகித்து ஒரு பிஆர்ஜே வைக்க வேண்டாம். வைத்தால் மென்பொருளும் நம்பும், நானும் நம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் கோப்புகளை அடிக்கடி இறக்கும் ஒருவன்