பொறிவண்டு என்று சொல்லிக் குன்றிமணி விற்றிருக்கிறீர்கள்

அனுப்புநர்:
பொறுப்பாளர்,
குழந்தைகள் காப்பகம்,
தில்லைநகர், திருச்சி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் மற்றும் நிர்வாக இயக்குநர் அவர்கள்.

நாள்: 12.03.2025

பொருள்: 18 மாதக் குழந்தைக்கு ஏற்றது என்று விற்ற வசந்தகால சென்ஸரி பெட்டியில் நச்சு விதை இருந்தது – விற்பனையை நிறுத்தி, வாங்கிய எல்லோருக்கும் தெரிவிக்கக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். பிப்ரவரி 18 அன்று உங்கள் வலைத்தளத்தில் வசந்தகால சென்ஸரி பெட்டி (பிள்ளைகள் கையால் தொட்டு, அளைந்து விளையாடும் பொருள்கள் அடங்கிய பெட்டி) மூன்று வாங்கினேன். பெட்டி 1,850 ரூபாய், மொத்தம் 5,550. பில் நகலை இணைத்திருக்கிறேன். பணம் திரும்பக் கிடைக்க வேண்டும்தான், ஆனால் அதற்காக மட்டும் இதை எழுதவில்லை. இதே பெட்டி இன்று எத்தனை வீட்டில், எத்தனை காப்பகத்தில் திறந்து கிடக்கிறதோ என்ற பயத்தில் எழுதுகிறேன்.

எங்கள் காப்பகத்தில் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எட்டுப் பேர். சென்ஸரி விளையாட்டு எங்களுக்குப் புதிது இல்லை. அகலமான பிளாஸ்டிக் டப்பில் கேழ்வரகையோ அரிசியையோ கொட்டி, இரண்டு கரண்டி, ஒரு புனல், நாலு கிண்ணம் போட்டுவிட்டால் முக்கால் மணி நேரம் அந்த அறையில் அழுகைச் சத்தமே இருக்காது. போன வருடம் சேர்ந்த ஒரு பெண் குழந்தை எதையும் தொடாது. கையில் சோறு பட்டால் கையை உதறிவிட்டு அழும். கேழ்வரகு டப் பக்கத்தில் ஒன்பது நாள் சும்மா உட்கார்ந்திருந்தது. பத்தாவது நாள் ஒரு விரலை மட்டும் உள்ளே விட்டது. அப்புறம் கை முழுவதையும் மணிக்கட்டு வரை புதைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தது. இதன் அருமை தெரிந்துதான் உங்கள் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கினேன்.

பெட்டியின் மேல் '18 மாதம் முதல்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். 'அப்படியே கொட்டி விளையாடலாம்' என்றும் இருக்கிறது. புல்லுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிய அரிசி. மரப் பட்டாம்பூச்சிகள், துணிப் பூக்கள், ஒரு சின்ன பூவாளி. அரிசியோடு கலந்தே வந்தவை, உள்ளே இருந்த தாளின்படி, 'லேடிபக் மணிகள் – 40'. சிவப்பு உடம்பில் கருப்புப் புள்ளி. நானும் பொறிவண்டு மாதிரி செய்த பிளாஸ்டிக் பாசி என்றுதான் நினைத்தேன். கலந்து வந்ததால் தனியாக எடுத்துப் பார்க்கவும் இல்லை. அது என் தவறு. அதற்காக அந்த எட்டுப் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு பெட்டியைக் கொட்டினோம். பத்து நிமிடம் இருக்கும். பால் கொண்டுவந்த ஆயாம்மா டம்ளர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, டப்பிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், இது பாசி இல்ல. குன்றிமணி."

குன்றிமணி என்றால் என்னவென்று உங்கள் நிறுவனத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இருக்குமா? பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோமே, அது. முன்பு தங்கம் நிறுக்க ஆசாரிமார் தராசில் போட்ட விதை. பார்க்க அத்தனை அழகு. அதனால்தான் எங்கள் பாட்டி அதைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் "வாயில வச்சிராத" என்று சொல்லியே கொடுப்பார். அந்த விதைக்குள் அப்ரின் என்ற கடும் விஷம் இருக்கிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஓடு உடையாமல் முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். மென்றுவிட்டாலோ, ஓட்டில் ஓட்டை இருந்தாலோதான் விஷம் வெளியே வரும். நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு மணியிலும் நூல் கோக்க ஓட்டை போட்டிருக்கிறது! இயற்கையே கொடுத்த பாதுகாப்பு அந்த ஓடு ஒன்றுதான். அதையும் துளைத்து, ஒன்றரை வயதுப் பிள்ளை கைக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

அந்த அறையில் அடுத்த ஐந்து நிமிடம் நடந்ததை என்னால் மறக்க முடியாது. எட்டுப் பிள்ளைகளையும் தூக்கி, வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தோம். ஒன்றே முக்கால் வயதுப் பையன் ஒருவனுக்கு உதடெல்லாம் பச்சை. அரிசியைச் சப்பியிருக்கிறான், சாயம் ஒட்டிக்கொண்டது. (அந்தச் சாயம் என்ன சாயம் என்றும் பெட்டியில் எங்கும் இல்லை.) கன்னத்துக்குள் நாலு அரிசி இருந்தது, மணி இல்லை. ஆனால் பத்து நிமிடத்தில் ஏற்கெனவே விழுங்கியிருந்தால்? ஆயாம்மா முறத்தை எடுத்து வந்து அரிசி முழுவதையும் புடைத்தார். சிவப்பு மணிகளைத் தட்டில் போட்டு எண்ணினோம். 39.

பாயை உதறினோம், அலமாரியை நகர்த்தினோம், துடைப்பத்தால் மூலை முடுக்கெல்லாம் கூட்டினோம். 39தான். எட்டுப் பெற்றோருக்கும் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். மூன்று பேர் வேலையை விட்டு ஓடி வந்தார்கள். எட்டுப் பேரையும் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டினோம். வாந்தி, வயிற்றுப்போக்கு உடனே வர வேண்டும் என்று இல்லை, பல மணி நேரம் கழித்தும் வரலாம், இரண்டு நாள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர்.

மாலை நாலு மணிக்கு ஒரு பாட்டி போன் செய்தார். பேத்திக்கு உடை மாற்றும்போது, மடித்துவிட்ட பேண்ட் விளிம்புக்குள் சிவப்பாக ஒன்று கிடந்ததாம். நாற்பதாவது மணி. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆனால் அது முடிவாக இல்லை. உங்கள் தாளில் 40 என்று போட்டிருப்பது சரியான எண்ணிக்கைதானா என்று ராத்திரி ஒரு சந்தேகம் வந்தது. பிரிக்காமல் வைத்திருந்த மற்ற இரண்டு பெட்டிகளையும் மேசையில் கொட்டி எண்ணினேன். ஒன்றில் 43, இன்னொன்றில் 41. அப்படியென்றால் முதல் பெட்டியில் இருந்தது எத்தனை? 40ஆ, 42ஆ? யாருக்குத் தெரியும்? எட்டு வீட்டிலும் இரண்டு நாள் தூங்காமல் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்காகக் கடவுளுக்கும் ஆயாம்மாவுக்கும் நன்றி சொல்கிறேன்.

இன்னொரு பொட்டலமும் இருந்தது, 'மழைத்துளி' என்று. கடுகளவு உருண்டைகள், ராத்திரி ஊறவைத்தால் காலையில் கோலிக்குண்டு அளவுக்கு உப்பும் வாட்டர் பீட்ஸ். நல்லவேளை, அதை நாங்கள் ஊறவைக்கவில்லை. குழந்தை விழுங்கினால் அது குடலுக்குள்ளும் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொண்டே போகும், குடலை அடைக்கும். எக்ஸ்ரேயில் சாதாரணமாகத் தெரியாது என்பதால் கண்டுபிடிப்பதே கஷ்டம். அமெரிக்காவில் 2023 கடைசியில் பெரிய விற்பனை நிறுவனங்களே இதைச் சிறுவர் விளையாட்டுப் பொருளாக விற்பதை நிறுத்திவிட்டன. 2025இல் நீங்கள் இதைத் திருச்சிக்கு அனுப்புகிறீர்கள். குன்றிமணியும் அப்படித்தான்: அந்த விதை கோத்த கைவளையங்களை 2011இல் பிரிட்டனில் விற்றவர்களே திரும்பப் பெற்றார்கள்.

மார்ச் 5 அன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் வந்த பதிலில் "உங்கள் அனுபவம் சரியாக அமையாததற்கு வருந்துகிறோம்" என்ற ஒரு வரியும் அடுத்த முறை வாங்க 10 சதவீதத் தள்ளுபடி கூப்பனும் இருந்தன. 10ஆம் தேதி போனில் பேசிய உங்கள் ஊழியர், "பெரியவர்கள் மேற்பார்வையில் விளையாடவும்னு போட்டிருக்கோமே மேடம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, சொல்லச் சொன்னதைச் சொன்னார். இந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அன்று அந்த டப்பைச் சுற்றி எட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று பெரியவர்கள் இருந்தோம். மூன்று பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மணி பேண்ட் மடிப்புக்குள் போனது, ஒரு வாய் பச்சையானது. ஒன்றரை வயதில் பிள்ளை எதையும் முதலில் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். அதை மேற்பார்வையால் நிறுத்த முடியாது. அதனால்தான் இந்த வயதுக்குப் பொருள் கொடுப்பவர், வாய்க்குள் போனாலும் கெடுதல் செய்யாத பொருளாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைக்குச் சின்னப் பாகங்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதற்குள் முழுதாக அடங்கும் பாகம் இந்த வயதுக்கு ஆகாது. நான் அதற்குப் பதில் பழைய ஃபிலிம் ரோல் டப்பா ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் பெட்டியில் அந்த டப்பாவுக்குள் அடங்காதவை பட்டாம்பூச்சியும் பூவாளியும் மட்டும்தான்.

ஜனவரி 1, 2021 முதல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உங்கள் பெட்டியில் அது இல்லை. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி எதுவும் இல்லை. உங்கள் வலைத்தளப் பெயரும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் மட்டும் இருக்கின்றன.

உங்கள் தாளில் 'பனி உருகிப் பூக்கள் மலரும் காலம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்குப் புகார் இல்லை, பிள்ளைகள் எல்லா ஊரையும் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் இங்கே பங்குனி பிறந்தால் புங்க மரத்தடியில் பொரி கொட்டின மாதிரி பூ கிடக்கும். சித்திரையில் வேப்பம்பூ. அதைப் பச்சடிக்கே போடுகிறோம். மழைத்துளிக்கு வேகவைத்த ஜவ்வரிசி போதும். ஊறின சப்ஜா விதை கையில் வழுவழுவென்று வழுக்கும்போது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பொறிவண்டு வேண்டுமென்றால் உள்ளங்கை அளவு மரத்தில் செய்து சிவப்படிக்கலாம். இந்தப் பெட்டியைப் பத்திரமாகச் செய்வது ஒன்றும் கஷ்டமான காரியம் இல்லை.

எனவே நான் கேட்பது: இந்தப் பெட்டியின் விற்பனையை இன்றே நிறுத்துங்கள். இதுவரை வாங்கிய எல்லோருடைய போன் எண்ணும் உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் 'பெட்டியில் இருப்பது குன்றிமணி, குழந்தை கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள், விழுங்கிய சந்தேகம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்' என்று தமிழிலும் அவரவர் மொழியிலும் செய்தி அனுப்புங்கள். மற்ற எதையும்விட இது முதலில் நடக்க வேண்டும். பிறகு 5,550 ரூபாயையும், எட்டுப் பிள்ளைகளின் மருத்துவச் செலவு 4,800 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். கூப்பன் வேண்டாம். அரிசியில் ஏற்றிய சாயம் என்ன என்று எழுத்தில் தெரிவியுங்கள், அந்தப் பையனின் அம்மா தினமும் கேட்கிறார்.

இணைய வணிக விதிகள் 2020இன்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். வாங்கியவர்களுக்கு அனுப்ப வேண்டிய செய்திக்கு ஒரு மாதம் காத்திருக்க மாட்டேன். மூன்று நாளில் அது போகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனு கொடுப்பேன். எட்டுப் பெற்றோரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

மூன்று பெட்டிகளையும் டேப் ஒட்டி பீரோ மேல் வைத்திருக்கிறேன். குன்றிமணி மொத்தம் 124. தனி டப்பாவில் போட்டுப் பூட்டி, சாவியை ஆயாம்மா வைத்திருக்கிறார். கூரியரில் அனுப்ப மாட்டேன், வழியில் பிரிந்தால் யார் கையில் கிடைக்குமோ. உங்கள் ஆளை அனுப்புங்கள். அவர் முன்னால் எண்ணி, கையெழுத்து வாங்கிக்கொண்டு தருகிறோம்.

இப்படிக்கு,
பொறுப்பாளர்,
குழந்தைகள் காப்பகம், தில்லைநகர், திருச்சி.

இணைப்பு: பில் நகல், பெட்டியின் நான்கு பக்கப் படங்கள், ஓட்டையுடன் மணிகளின் படம், மருத்துவச் சீட்டுகள், மார்ச் 5, 6 மின்னஞ்சல்கள்.