செயலாளரின் ஆண்டறிக்கை: பாதியில் நின்றுபோன மாத்திரை அட்டைகள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கிராமத்துப் பெண்கள் கருத்தடை முறைகளை ஏன் தொடங்குகிறார்கள், ஏன் பாதியில் விடுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டதுதான் இந்த ஆண்டின் முக்கிய வேலை.

விவரம் தெரியாததால்தான் தயங்குகிறார்கள் என்று நினைத்துப் போனோம். அது தப்பு. மாத்திரை, ஊசி, காப்பர் டி எல்லாவற்றின் பெயரும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பயம்தான் பெரிதாக இருந்தது. ஊசி போட்டு மாதவிலக்கு நின்றுபோனால் கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும் என்று பலர் சொன்னார்கள். உண்மையில் அந்த மருந்து கருப்பையின் உள்சவ்வைத் தடிக்க விடுவதில்லை. வெளியேற ரத்தம் சேர்வதே இல்லை.

ஒரு சகோதரி துணிப்பெட்டியின் அடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். நாலு மாத்திரை மட்டும்தான் எடுத்திருந்தார். குமட்டல் வந்ததாம், மாமியார் பார்த்து என்னவென்று கேட்டாராம், அதோடு விட்டுவிட்டார். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று மாதத்தில் குமட்டல் அடங்கிவிடும், இரவில் சாப்பிட்டபின் போட்டால் குறையும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஒளித்து வைக்க வேண்டிய நிலையில் இருப்பவர் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்பார்?

பால் கொடுக்கும்போது கரு தங்காது என்ற நம்பிக்கையும் பரவலாக இருந்தது. அது உண்மைதான், ஆனால் மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும்: குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவு பகலாகத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் வேறு முறை தேவை. ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்கு 24 மாதமாவது இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

அப்புறம் தூரம். ஊசி 3 மாதத்துக்கு ஒருமுறை. ஒரு பெண் கூலி வேலையை விட்டுவிட்டு நடந்து போயிருக்கிறார். ஒரு வாரம் தாமதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 4 வாரம் வரை தாமதமானாலும் போடலாம் என்றுதான் வழிகாட்டுதல் இருக்கிறது. இதைக் கேட்டபோது மனசு ஆறவில்லை.

கணவர்களுக்கென்று தனிக் கூட்டமும் நடத்தினோம். வந்தவர்கள் கொஞ்சம்தான், ஆனால் நன்றாகவே கேட்டார்கள். ஆண்களுக்கான அறுவை சிகிச்சை பெண்களுக்கானதைவிட எளிது, உடல் பலத்தையோ தாம்பத்தியத்தையோ பாதிக்காது என்று விளக்கினோம். முதல் 3 மாதம் ஆணுறையோ வேறு முறையோ அவசியம் என்பதையும் அழுத்திச் சொன்னோம். பல வீடுகளில் அவர்களின் ஒரு 'சரி'க்காகத்தான் பெண்கள் காத்திருக்கிறார்கள்.

சுகாதார நிலையத்தில் மாலை நேரத்திலும் செவிலியர் இருக்க வேண்டும், தனியாகப் பேச ஓர் அறை வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த மனு தயாராக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்