மூங்கிலில் கட்டும் சீட்டு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கல்யாண வேலையில் பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலி குறைந்ததா?

மகள் கல்யாணம் இங்கே ஜப்பானில், செண்டாய் ஊரிலேயே ஆகஸ்டில். மாப்பிள்ளை இந்த ஊர்ப் பையன். ஆகஸ்ட் 6 முதல் 8 வரை ஊரெங்கும் தனபாதா என்னும் நட்சத்திரத் திருவிழா. ஆசையைக் காகிதச் சீட்டில் எழுதி மூங்கிலில் கட்டுவார்கள். அதனால் மண்டபத்திலும் ஒரு மூங்கில் கிளை நட்டு, வருகிறவர்கள் ஆசையை எழுதிக் கட்டட்டும் என்கிறாள் மகள். முதலில் எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தத் திருவிழாவின் கதை இரண்டு நட்சத்திரங்களைப் பற்றியது: நெசவு செய்யும் ஒரிஹிமே, மாடு மேய்க்கும் ஹிகோபோஷி. கல்யாணமானதும் வேலையை மறந்ததால் பெண்ணின் தகப்பனே இருவரையும் பால்வீதியின் இரு கரையில் பிரித்துவிட்டான். ஆண்டுக்கு ஓர் இரவுதான் சந்திப்பு. பிரிந்த ஜோடியின் கதை கல்யாண வீட்டில் எதற்கு என்றேன். "அம்மா, நாம் கொண்டாடுவது அவர்கள் சேரும் நாளை" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

செண்டாயில் காகிதக் கொக்கும் கட்டுவார்கள். வீட்டில் மூத்தவருக்கு எத்தனை வயதோ, அத்தனை கொக்கு. மாப்பிள்ளையின் பாட்டிக்கு 84. பாட்டியும் நானும் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து மடிக்கிறோம். இதுவரை 61 ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் சேம்பு இலையில் நிற்கும் பனித்துளியைச் சேர்த்து, அதில் மைக்கட்டியை உரசி, கையெழுத்து அழகாக வர வேண்டுமென்று பிள்ளைகள் எழுதிக் கட்டுவார்களாம். அதையும் பாட்டிதான் சொன்னார்.

சீட்டு ஐந்து நிறம். கறுப்புக்குப் பதில் ஊதா வாங்கியிருக்கிறேன். மூங்கிலை வெட்டினால் சில மணி நேரத்திலேயே இலை சுருண்டுவிடும், அதனால் அன்று காலையில்தான் வெட்ட வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மகளோடு எனக்கு வாக்குவாதம். சீட்டையெல்லாம் ஆல்பத்தில் ஒட்டிவைக்கப் பார்க்கிறாள். அப்படிச் செய்தால் எல்லோரும் "நூறாண்டு வாழ்க" என்றுதான் எழுதுவார்கள். இது வாழ்த்து மடல் இல்லை. எழுதுகிறவர் தன் மனசில் இருக்கும் ஆசையை எழுத வேண்டும், அதை யாரும் எடுத்துவைத்துப் படிக்கக் கூடாது. முன்பு திருவிழா முடிந்ததும் மூங்கிலோடு ஆற்றில் விட்டுவிடுவார்கள். இப்போது ஆறு கெடும் என்று கோயிலில் கொடுத்து எரிக்கிறார்கள். நாமும் அப்படியே செய்வோம் என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றாள், பார்ப்போம்.

உன்னால் இவ்வளவு தூரம் வர முடியாது, தெரியும். உன் ஆசையைத் தமிழிலேயே எழுதி, ஒட்டி அனுப்பு. உறையைப் பிரிக்க மாட்டேன், மடித்தபடியே கட்டிவிடுகிறேன். கல்லூரி விடுதியில் நாம் மாடியில் படுத்து நட்சத்திரம் பார்த்தோமே, அந்தப் பக்கமாகவே கிளையைத் திருப்பி வைக்கிறேன்.

உன் பழைய அறைத்தோழி