"ஏனூ மாடல்ல அங்கிள்"

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

நான் பெங்களூரு மர்ஃபி டவுன்ல இருக்கேன், பொறந்து வளர்ந்தது எல்லாம் இங்கதான், ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. உங்க பேப்பர காபியோட படிக்கலன்னா எனக்கு பொழுது விடிஞ்ச மாதிரியே இருக்காது. 2025 ஆகஸ்ட்லேர்ந்து பேப்பர எடுத்தா தெருநாய்தான், டிவிய போட்டா தெருநாய்தான். சுப்ரீம் கோர்ட் 11ஆம் தேதி டெல்லி பக்கத்து தெருநாய எல்லாம் புடிச்சு ஷெல்டர்ல போடுன்னாங்க, 22ஆம் தேதி அத மாத்தி கருத்தடை பண்ணி ஊசி போட்டு புடிச்ச இடத்துலயே விடுங்க, வெறி புடிச்சது, கடிக்கிற சுபாவம் உள்ளது மட்டும் வெளிய விடாதீங்கன்னாங்க, நவம்பர்ல ஸ்கூல், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் பக்கமெல்லாம் நாய் இருக்கக்கூடாதுன்னாங்க. எல்லாம் படிச்சேன், சரி. நான் எழுத வந்தது வேற நாய் பத்தி. கழுத்துல நல்ல பெல்ட் இருக்கும், பேர் இருக்கும், பொறந்தநாளுக்கு கேக் கூட வெட்டுவாங்க, ஆனா பார்க்குக்கு வந்தா மட்டும் செயின் இருக்காது. அந்த நாய் பத்தி.

மூணு வாரம் முன்னாடி ஒரு வியாழக்கிழமை காலைல ஆறரை மணி இருக்கும். என் சம்சாரத்துக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம், டாக்டர் சமதளத்துல மெதுவா நடக்க சொல்லியிருக்கார், அதனால பக்கத்துல இருக்கற கார்ப்பரேஷன் பார்க்ல ரெண்டு ரவுண்டு நடந்துட்டு பால் பாக்கெட்டும் ரெண்டு முழம் மல்லிப்பூவும் வாங்கிட்டு வர்றது வழக்கம். அன்னைக்கு முதல்ல பால் வாங்கிட்டு அப்புறம் பார்க்குக்குள்ள போனோம், அதுதான் தப்பா போச்சுன்னு அவ இன்னும் சொல்றா (அவ மேல என்ன தப்பு, சொல்லுங்க). எதிர்ல ஒரு மஞ்சள் கலர் லேப்ரடார் ஓடி வருது. முப்பது அடி பின்னாடி அத வளர்க்கற பொண்ணு, காதுல இயர்போன், செயின கழுத்துல மாலை மாதிரி போட்டுக்கிட்டு நடந்து வருது. செயின் வீட்ல இல்ல சார், கையிலயும் இல்ல, கழுத்துல இருக்கு, அந்த பொண்ணு கழுத்துல.

என் சம்சாரம் அப்படியே நின்னுட்டா. பயத்துல பால் பையையும் பூவையும் நெஞ்சுக்கு நேரா தூக்கி புடிச்சா, நாய் என்ன நெனைக்கும், நமக்கு ஏதோ விளையாட்டு காட்டறாங்கன்னு அதுவும் எகிறிடுச்சு, ரெண்டு முன்னங்காலும் அவ தோள் மேல. லேப்ரடார்னா சும்மாவா, முப்பது கிலோ இருக்கும். அப்படியே பின்னாடி உக்காந்துட்டா, சிமெண்ட் பெஞ்ச் ஒரு ஜாண் தள்ளி இருந்துச்சு, தலை அதுல படல, தெய்வ புண்ணியம். பால் பாக்கெட் உடைஞ்சு நாய் அத நக்கிக்கிட்டு இருக்கு. அந்த பொண்ணு தூரத்துலேர்ந்தே "லட்டு! லட்டு! கம் ஹியர்!"னு கூப்பிடுது, நான் எண்ணல, ஆனா ஏழெட்டு தடவைக்கு கொறையாது, லட்டு திரும்பிக்கூட பாக்கல. கிட்ட வந்ததும் என்னை பாத்து "ஏனூ மாடல்ல அங்கிள், ரொம்ப ஃப்ரெண்ட்லி, விளையாடறான்"னு (ஏனூ மாடல்லன்னா கன்னடத்துல ஒண்ணும் பண்ணாதுன்னு அர்த்தம்) சொல்லிட்டு, கீழ உக்காந்திருக்கறவள பாத்து "ஆன்ட்டி பயப்படாதீங்க, நீங்க பயந்தா அதுக்கு தெரிஞ்சுடும்"னு சொல்லுச்சு.

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் சார் இந்த லெட்டரே. பயந்தா நாய்க்கு தெரியும்கறது வாஸ்தவம். அதுக்கு அறுவது வயசு பொம்பளை என்ன பண்ணணும், மனசுல பயம் வராம பாத்துக்கணுமா? செயின் கொக்கிய பெல்ட்ல மாட்டறது ரெண்டு செகண்ட் வேலை, அது கஷ்டம், எதிர்ல வர்றவங்க எல்லாம் தைரியசாலியா பொறந்து வரணும், இது ஈஸியாமே!

முழங்கைல நகம் கிழிச்சு மூணு செவப்பு கோடு, ரத்தம் வரல. பார்க் குழாய்லயே சோப்பு போட்டு கழுவ வெச்சேன், தோட்டக்காரர் சோப்பு கொண்டு வந்து குடுத்தார், பதினஞ்சு நிமிஷம் ஓடற தண்ணில கழுவணும், நெறைய பேர் சும்மா ஈரத்துணியால தொடச்சிட்டு மஞ்சள் அப்பிடறாங்க, அது கூடாது. ஆஸ்பத்திரில டாக்டர் பாத்துட்டு ரத்தம் வராத கீறல் ரெண்டாவது வகை, இதுக்கு தடுப்பூசி போதும், ரத்தம் வந்திருந்தா காயத்த சுத்தி இன்னொரு மருந்தும் போடணும்னார். நாய்க்கு ஊசி போட்டிருக்கான்னு பார்க்லயே நான் கேட்டதுக்கு அந்த பொண்ணு போட்டாச்சு, கார்டு வீட்ல இருக்குன்னுச்சு. இருந்தாலும் ஆரம்பிச்சுடுவோம், 10 நாள் நாய கவனிங்கன்னு சொல்லிட்டார். அன்னைக்கு ஒண்ணு, மூணாம் நாள், ஏழாம் நாள், இருவத்தெட்டாம் நாள், ஒவ்வொரு தடவையும் ரெண்டு கைலயும் தோலுக்குள்ள ஒரு குத்து. முட்டி வலிக்காரி ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை ஆட்டோல ஏறி எறங்கணும், ஆட்டோக்காரன் மீட்டர் போடறானாங்கறது வேற கதை.

அந்த பொண்ணு கெட்ட பொண்ணு இல்ல, அதையும் சொல்லணும். சாயங்காலம் அட்ரஸ் விசாரிச்சு வீட்டுக்கே வந்துச்சு, ஆப்பிள் வாங்கிட்டு, நாயோட ஊசி கார்டையும் கொண்டு வந்து காட்டுச்சு, கண்ணு கலங்கிடுச்சு. என் சம்சாரம் காபி போட்டு குடுத்தா. பேசும்போது அந்த பொண்ணு சொன்னது, "அங்கிள், வீட்ல ஒரு தடவை கூப்பிட்டா ஓடி வந்துடுவான்." வருவான்மா, வீட்ல பிஸ்கட் டப்பா உன் கைல இருக்கு, வேற வேலையும் அவனுக்கு இல்ல. பார்க்ல அணில் இருக்கு, வேற நாய் போன வாசனை இருக்கு, பால் பை இருக்கு. அங்க ஒரே குரல்ல திரும்பி வருதா, அதுதானே பாக்கணும். நாய் நல்ல நாயா கெட்ட நாயான்னு யாரும் கேக்கல. ஏழு தடவை கூப்பிட்டும் வராத நாய செயின் இல்லாம விட்டா அது உங்க கட்டுப்பாட்டுல இல்ல, அவ்வளவுதான். பழக்கறவங்க இதுக்கு பத்து மீட்டர் நீள கயிறு கட்டிதான் ஆரம்பிப்பாங்க, காலி மைதானத்துல, மாசக்கணக்கா. நேரா கார்ப்பரேஷன் பார்க்ல, வயசானவங்க நடக்கற நேரத்துல, பரிட்சை பண்ணி பாக்க மாட்டாங்க.

நான் நாய்க்கு விரோதி இல்ல. எங்க வீட்ல மணி பதிமூணு வருஷம் இருந்தான், சாதாரண நாட்டு நாய். மாமனார் ஊர் ராஜபாளையம் பக்கம், அங்க அந்த வெள்ளை ராஜபாளையம் நாய பகல்ல கட்டித்தான் வெப்பாங்க, ராத்திரி தோட்டத்துக்கு அவுத்து விடுவாங்க. தபால்காரர் வர்ற நேரத்துல அவுத்து விட்டுட்டு "ஒண்ணும் பண்ணாது, வாங்க"ன்னு சொன்னா ஊர்ல சும்மா விடுவாங்களா?

இன்னொண்ணு, பெங்களூர்ல வளர்ப்பு நாய அவுத்து விட்டா விஷயம் அதோட நிக்காது. தெருவுக்கு தெரு நாலு தெருநாய் எல்லை வகுத்து வெச்சிருக்கு. வீட்டு நாய் துள்ளிக்கிட்டு அதுங்க எல்லைக்குள்ள போகும், அதுங்க சேந்து துரத்தும், இது திரும்ப எஜமான் கால நோக்கி ஓடி வரும், நடுவுல யாரு மாட்டறாங்களோ அவங்க கால்ல ஒரு கடி, அப்புறம் பேப்பர்ல என்ன வரும், "தெருநாய் கடித்தது"ன்னு வரும். செயின்ல ஒழுங்கா வர்ற நாய்க்கும் இதே கஷ்டம். எங்க எதிர் வீட்டு பையன் ஆக்ஸிடெண்ட்ல கால் போன ஒரு நாய எடுத்து வளர்க்கறான், மூணு காலு, எந்த நாய பாத்தாலும் நடுங்கும். இந்த "ஃப்ரெண்ட்லி" நாயெல்லாம் அது மேல வந்து விழுந்தா அதுக்கு எப்படி தெரியும் இது ஃப்ரெண்டுன்னு? அந்த பையன் இப்ப ராத்திரி பதினொரு மணிக்குத்தான் அத வெளிய கூட்டிட்டு போறான். பக்கத்து தெரு பாய் ஒருத்தர் காலைல தொழுகைக்கு போற வழில ஒரு நாய் வந்து ஈர மூக்க வெச்சு உரசிட்டு போச்சு, அவர் ஒண்ணும் திட்டல, அந்த ஈரம் பட்ட துணியோட தொழ முடியாதுன்னு திரும்ப வீட்டுக்கு போய் அலசி வேற வேட்டி மாத்திட்டு போனார், எல்லாரும் சேந்து தொழற ஜமாஅத் முடிஞ்சிருக்கும். அவருக்கு நாய புடிக்காதுன்னு அர்த்தம் இல்ல, கீழ வீட்டு நாய்க்கு எலும்பு எடுத்து வெக்கறதே அவர்தான்.

வேலைக்கு போற எங்க பொண்ணுங்க கதைய எழுதலன்னா இந்த லெட்டர் முழுசாகாது. எங்க ஏரியாலேர்ந்து இந்திராநகர் பக்கம் வீட்டு வேலைக்கு போறவங்க நெறைய. முன்னாடி பாத்திரம், துணி, பெருக்கறது, இப்ப நாய வாக்கிங் கூட்டிட்டு போறதும் அதுல சேந்துடுச்சு. என் அக்கா மக ஒரு வீட்ல ஹஸ்கி நாய கூட்டிட்டு போறா. அந்த ஜாதிய வளர்த்ததே பனியில வண்டி இழுக்கத்தான், அது இழுத்தா இவ என்ன பண்ணுவா, அது போற பக்கம் இவளும் போக வேண்டியதுதான். எப்படி புடிக்கணும், எதிர்ல ஆள் வந்தா எப்படி நிறுத்தணும்னு அந்த வீட்டு மேடம் ஒரு நாள் கூட கூட வந்து காட்டினது கிடையாது. ஒரு நாள் செயின் நழுவி யாரோ ஒருத்தர் மேல பாஞ்சிடுச்சு, அடி ஒண்ணும் இல்ல, ஆனா திட்டு வாங்கினது யாரு? இவ. நாய் உங்களோடது மேடம், இழுக்கற பலமும் அதோடது, புடிக்க தெரியாத கை மட்டும் எங்க பொண்ணோடதா?

சட்டம் இல்லையான்னா இருக்கு. புது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதால 291ஆவது பிரிவு, தன் கைல இருக்கற மிருகத்தால மனுஷன் உயிருக்கு ஆபத்தோ பலத்த காயமோ வராம பாத்துக்க அசட்டையா இருந்தா ஆறு மாசம் வரை ஜெயில், இல்லன்னா 5,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். பழைய ஐபிசில 289, அபராதம் வெறும் 1,000. ஆனா முழங்கை கீறலுக்கு யாரு ஸ்டேஷன் படி ஏறுவாங்க, நானே ஏறல. 2024 மார்ச்ல சென்ட்ரல் கவர்மெண்ட் பிட்புல், ராட்வீலர்னு 23 ஜாதி நாய்க்கு தடைன்னு சர்க்குலர் விட்டாங்க, ஏப்ரல்ல நம்ம கர்நாடகா ஹைகோர்ட்டே அத ரத்து பண்ணிடுச்சு. எனக்கு அதுல வருத்தமே இல்ல. என் சம்சாரத்த தள்ளினது லேப்ரடார், அது எந்த லிஸ்ட்லயும் இல்ல. 2022ல கப்பன் பார்க்குக்குள்ள நாயே வரக்கூடாதுன்னு தோட்டக்கலை துறை கெளம்பினாங்க, எதிர்ப்பு வந்து அப்படியே நின்னு போச்சு. அதுவும் சரிதான், செயின் போட்டு மலத்த அள்ளிட்டு ஒழுங்கா போறவங்களுக்கு எதுக்கு தண்டனை. ஆனா நாலு பேர் அவுத்து விட்டாதான் நாளைக்கு எல்லாருக்கும் சேத்து கதவ சாத்துவாங்க, அத நாய் வளர்க்கறவங்களே அந்த நாலு பேருக்கு சொல்லலாமே, நாங்க சொன்னா கெழம் பொலம்புதுன்னு போயிடுவாங்க.

பெரிய பார்க்ல ஒரு மூலைய கம்பி வேலி போட்டு நாய் ஓட விட்டுடுங்க, ஓடட்டும் பாவம், அபார்ட்மெண்ட்ல அடைஞ்சு கெடக்கற ஜீவன். மத்த இடத்துல செயின் கைல இருக்கணும். அதுவும் இழுக்க இழுக்க நீளற அந்த ரீல் கயிறு இருக்கே, அது நடக்கற பாதைல வேண்டவே வேண்டாம், பாதைக்கு குறுக்க கண்ணுக்கே தெரியாம கயிறு கட்டின மாதிரிதான். போர்டு வெச்சா கன்னடத்துல பெருசா எழுதி கீழ தமிழ், உருதுலயும் எழுதுங்க, இந்த பார்க்குக்கு வர்றவங்க அவங்கதான். முன்னாடி இருந்த பெங்களூரு மாநகராட்சி பிபிஎம்பிய எடுத்துட்டு இப்ப அஞ்சு கார்ப்பரேஷன் ஆக்கியிருக்காங்க, எந்த ஆபீஸ்ல போய் இத குடுக்கறதுன்னு கேட்டா அங்க போ இங்க போங்கறாங்க, அதான் உங்களுக்கே எழுதிட்டேன்.

என் சம்சாரம் இப்ப அந்த பார்க்குக்கு வர மாட்டேங்கறா. அல்சூர் ஏரி பக்கம், வள்ளுவர் சிலை வரைக்கும் நடந்துட்டு திரும்பறோம். முந்தாநாள் அங்கயே லட்டு எதிர்ல வந்துச்சு. அந்த பொண்ணு எங்கள பாத்ததும் செயின கைல ரெண்டு சுத்து சுத்தி புடிச்சுக்கிட்டு ஓரமா ஒதுங்கி, நாய தன்னோட அந்த பக்கம் கொண்டு போய் "சிட்"னு சொல்லுச்சு. முதல் தடவை உக்காரல, ரெண்டாவது தடவை உக்காந்துச்சு. என் சம்சாரம் என் சட்டை கைய கெட்டியா புடிச்சுக்கிட்டு, மூச்சே விடாம தாண்டிட்டு, கொஞ்ச தூரம் போனதுக்கு அப்புறம் திரும்பி பாத்து "உக்காந்துடுச்சேங்க"ன்னா. பத்து நாள் கவனிச்சதுல நாய்க்கு ஒண்ணும் இல்ல, ஆனாலும் டாக்டர் கடைசி ஊசியையும் போட்டு முடிச்சிடுங்கன்னு சொல்லிட்டார். அது வர்ற வியாழக்கிழமை.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
மர்ஃபி டவுன், பெங்களூரு.