வேம்பநாட்டுக் காயலில் எங்களை அக்கரை சேர்த்தவர்களுக்கு

முஹம்மா, குமரகம் ஊர்க்காரர்களுக்கு வணக்கம்.

ஜனவரியில் சைக்கிளில் வந்து உங்கள் ஊரில் தங்கிப் போன மேலூர் அப்பாவும் மகளும் எழுதுகிறோம். செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கொல்லத்தில் இறங்கி, ஆலப்புழைக்கு வடக்கே முஹம்மாவில் படகேறி, குமரகத்தில் கரையேறி, கோட்டயம், குமுளி, கம்பம் வழியாக வீடு திரும்புவது அப்பா போட்ட திட்டம். பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் காலமெல்லாம் நெல் போட்டவர் அவர். தன் வயலுக்குத் தண்ணீர் அனுப்பும் மலையை மேற்குப் பக்கமாக ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

ஆலப்புழை டவுனைத் தாண்டியதும் அவருடைய பின்சக்கரத்தில் கம்பிகள் முறிந்தன. பல்சக்கரம் இருக்கிற பக்கம். ரிம் கோணி பிரேக்கில் உரச, முக்கால்வாசி தூரம் தள்ளிக்கொண்டே வந்தோம். முஹம்மாவில் நுழையும்போது நன்றாக இருட்டிவிட்டது. மறுநாளை ஓய்வு நாளாக வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. நாங்கள் காலை நீட்டிக் கிடந்த அந்த நாள் முழுக்க எங்களுக்காக அலைந்தவர்கள் நீங்கள். அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் சைக்கிள் கடைச் சேட்டனுக்கு. அந்தப் பக்கத்துக் கம்பியை மாற்றப் பல்சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். அதற்கான சாவி உங்கள் கடையில் இல்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தாலும் நாங்கள் தலையாட்டியிருப்போம். நீங்களோ கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஸ்கூட்டரில் ஆலப்புழை போய் இரவல் வாங்கி வந்தீர்கள். புதுக் கம்பிகளைக் கோத்தபின் கோட்டம் எடுத்த விதத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சக்கரத்தைச் சுழலவிட்டு ரிம்முக்கு அருகே சாக்குக்கட்டியைப் பிடித்தீர்கள். வெள்ளை விழுந்த இடத்தில் கால் திருகு, அரைத் திருகு. பிறகு ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டி, காதைக் கிட்டே வைத்து ஓசை கேட்டீர்கள். ஒன்று மந்தமாக ஒலித்தால் மறுபடி கம்பியை முறுக்கும் நிப்பிள் சாவி. சாமான் கட்டின சைக்கிளில் இந்தப் பக்கத்துக் கம்பிகள்தான் அதிக இழுவையைத் தாங்குகின்றன என்று சொல்லி, பாரத்தில் பாதியை என் முன்சக்கரத்துக்கு மாற்றிக் கட்டியதும் நீங்கள்தான். கம்பிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டீர்கள். குட்டிக்கானம் ஏற்றத்திலும், குமுளியிலிருந்து லோயர்கேம்ப் இறங்கும் வளைவுகளிலும் அந்தச் சக்கரம் ஒரு இம்மி அசையவில்லை, சேட்டா.

தங்க இடம் கொடுத்த சேச்சிக்கு என்ன சொல்வது? அப்பாவின் முழங்கால் வீக்கத்தைப் பார்த்ததும் தன்வந்தரம் குழம்பு என்ற ஆயுர்வேதத் தைலத்தைத் தேய்க்கச் சூடாக்கிக் கொண்டுவந்தீர்கள். மட்டை அரிசிக் கஞ்சியும் பயறும் மூன்று வேளையும் வந்தன. அம்மா போன பிறகு அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் உங்கள் வீட்டில்தான் பார்த்தேன்.

படகுக்காரர்களுக்கு வருகிறேன். சைக்கிள்களை ஏற்றுவதற்கு முன்பே, படகில் கயிறு கட்டி அவிழ்க்கும் லாஸ்கர் அண்ணன் தன் கயிற்றை அவிழ்த்து வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்காமலே நகர்ந்து இடம் விட்டார்கள். படகு மாஸ்டர் தலைகளை எண்ணினார். கடைசியாக ஓடி வந்த சிலரை அடுத்த படகுக்கு நிற்கச் சொன்னார். அவர்கள் முணுமுணுத்தபோது, பக்கத்திலிருந்த பெரியவர் எங்களுக்குக் காரணம் சொன்னார். 2002 ஜூலை 27 அன்று இதே தடத்தில் கூட்டம் நிரம்பி வந்த படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அரசு வேலைக்கான பிஎஸ்சி (பப்ளிக் சர்வீஸ் கமிஷன்) தேர்வு எழுதப் புறப்பட்டவர்கள் பலர் அதில் இருந்தார்களாம். மாஸ்டர் ஐயா, எங்களையும் சேர்த்து எண்ணியதற்கு உங்களுக்குத் தனியாக நன்றி.

நடுக்காயலில் ஆகாயத்தாமரை சுற்றி எஞ்சின் திணறியது. எஞ்சினைப் பின்னோக்கி ஓடவிட்டுச் செடியைக் கழற்றினார்கள். தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை இறக்கிவிட்டால் உப்புநீர் குட்டநாட்டு வயலுக்குள் வராது. ஆனால் தண்ணீர் நகராமல் நின்று இந்தச் செடி பெருகிவிடும் என்று அந்தப் பெரியவர் விளக்கினார். அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமா? கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. நீரை எப்படி வெளியே இறைக்கிறார்கள், வரப்பை எதில் கட்டுகிறார்கள் என்று அரைத் தமிழிலும் அரை மலையாளத்திலும் கேட்டுக்கொண்டே வந்தார். பாதிராமணல் தீவு கண்ணில் பட்டபோதுகூட அவர் திரும்பவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன பெரியவரே, எங்கள் ஊர் டீக்கடையில் இப்போது குட்டநாடுதான் பேச்சு.

கம்பத்தில் எங்களுக்கு மலையாளம் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் இதை மாற்றி எழுதித் தருவார். ஒரு படி முஹம்மா படகுத்துறைக்கு, ஒன்று சைக்கிள் கடைக்கு, ஒன்று சேச்சி வீட்டுக்கு வரும். தைப்பொங்கலுக்குள் அறுவடை முடிந்துவிட்டால் உங்கள் எல்லோருக்கும் புது அரிசி அனுப்ப வேண்டும் என்று அப்பா இப்போதே சாக்கு எடுத்து வைத்திருக்கிறார்.